போபால்: பழி யார் மேல்? கேள்வி பதில்

முப்பது வருடம் ரசாயன ஆலைப் பாதுகாப்பில் வேலை பார்த்தவன் நான். 1984 டிசம்பர் 2 இரவு போபால் யூனியன் கார்பைடு ஆலையில் மீத்தைல் ஐசோசயனேட் என்ற நச்சு ரசாயனம் கசிந்தது பற்றிக் கேளுங்கள். 'விபத்து' என்று மட்டும் எழுதாதீர்கள்.

கே: கம்பெனித் தலைவர் ஆண்டர்சனை ஏன் தப்பவிட்டார்கள்?

ப: டிசம்பர் 7 கைது, அன்றே ஜாமீன். நாட்டை விட்டுப் போனவர் திரும்பவே இல்லை, 2014-இல் இறந்தார். யார் விட்டது என்பது அரசியல் தெரிந்தவர்களிடம் கேட்க வேண்டியது.

கே: கசிவு தெரிந்தும் ஊழியர்கள் டீ குடிக்கப் போனார்களாமே? முதல் குற்றவாளி அவர்கள்தானே ஐயா?

ப: போனது உண்மை. இரவு 11 மணிக்கு அந்த ரசாயனம் இருந்த 610-ஆம் தொட்டியின் அழுத்தம் 2-இலிருந்து 10 பி.எஸ்.ஐ.க்கு ஏறியிருந்தது. 11.30 வாக்கில் கண் எரிந்தது. டீ முடித்துப் பார்க்கலாம் என்றார்கள். அங்கே கண் எரிவதும் மீட்டர் தப்பாகக் காட்டுவதும் பழகிப்போன சங்கதி. அலட்சியம்தான், ஒப்புக்கொள்கிறேன். சரி, உடனே ஓடியிருந்தால் எந்த சுவிட்சைப் போட்டிருப்பார்கள்? தொட்டியைக் குளிரவைக்கும் இயந்திரம் மாதக்கணக்கில் நிறுத்திக் கிடந்தது. வாயுவை எரிக்கும் கோபுரத்தின் குழாயைக் கழற்றி வைத்திருந்தார்கள். அந்தப் பிரிவில் ஷிஃப்டுக்கு 12 பேர் இருந்த இடத்தில் 6 பேர். இதெல்லாம் டீ குடித்தவர்கள் எடுத்த முடிவா?

கே: (அவரே) ஊரையாவது எழுப்பியிருக்கலாமே?

ப: சைரன் ஒலித்தது, சீக்கிரமே நிறுத்தினார்கள். சின்னக் கசிவுக்கெல்லாம் ஊரைப் பதறவைக்கக் கூடாது என்பது ஆலையின் நடைமுறை. தொழிலாளிக்குப் பங்கே இல்லை என்று சொல்லவில்லை. யார் கையில் எவ்வளவு அதிகாரம் இருந்தது என்று பார்த்துப் பங்கு போடுங்கள்.

கே: கோபத்தில் இருந்த ஒரு தொழிலாளி வேண்டுமென்றே தொட்டிக்குள் தண்ணீர் விட்டதாகக் கம்பெனி சொன்னதே?

ப: அப்படியே வைத்துக்கொள்வோம். தண்ணீர் பட்டால் பொங்கும் என்று தெரிந்தும் சுமார் 40 டன்னை ஒரே தொட்டியில் நிரப்பியது யார்?

கே: இந்த விபத்தில் ஆண்டர்சனை...

ப: முதல் பதிலைப் படியுங்கள். 'விபத்து' வேண்டாம் என்றும் சொன்னேன்.

கே: தண்டனையே இல்லையா?

ப: 2010-இல் இந்திய அதிகாரிகளுக்கு 2 ஆண்டு. 1996-இல் உச்ச நீதிமன்றம் குற்றச்சாட்டை 'அலட்சியத்தால் மரணம்' என்று குறைத்துவிட்டது. அதற்கு அதிகபட்சமே அவ்வளவுதான். தீர்ப்பன்றே ஜாமீனும் கிடைத்தது.

கே: ஆண்டர்சன்...

ப: மூன்றாவது தடவை. அடுத்தவர் கேளுங்கள்.

கே: இடம் இப்போது சுத்தமாகிவிட்டதா?

ப: சுமார் 337 டன் கழிவு 2025 ஜனவரியில்தான் மத்தியப் பிரதேசத்திலேயே உள்ள பீதம்பூருக்கு லாரியில் போனது. மண்ணில் இறங்கியது அங்கேயே இருக்கிறது.