கேட்க நியாயமாகத் தோன்றும் வாதம், அதிகாரத்துக்கு வக்காலத்து வாங்குகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நான் முதலில் பார்ப்பது, அந்த வாதத்தால் யார் எதையும் நிரூபிக்காமல் தப்பிக்கிறார் என்பதைத்தான். பேச்சின் அழகு, பேசுபவரின் படிப்பு எல்லாம் அப்புறம்.

சில சமூகங்களைப் பிறப்பிலேயே குற்றவாளிகள் என்று முத்திரை குத்திய, 1871இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஆதரவாக வெள்ளைக்கார அதிகாரிகள் வைத்த வாதத்தின் சாரம் இது: இந்தியாவில் தொழில் பிறப்போடு வருகிறது. நெசவாளி மகன் நெய்கிறான், தச்சன் மகன் தச்சு வேலை செய்கிறான். அப்படியானால் திருட்டையே குலத்தொழிலாகக் கொண்ட சாதிகளும் இருக்கும்.

முதல் இரண்டுக்கும் யாரும் தலையாட்டிவிடுவார்கள், தெருவில் பார்ப்பதுதானே. ஆட்டிய தலை நிற்பதற்குள் மூன்றாவதும் உள்ளே நுழைந்துவிடும். அதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டால் நெசவாளியையும் தச்சனையும் திரும்பக் காட்டுவார்கள், அவ்வளவுதான். இந்த வாதம் வெள்ளைக்காரனின் சொந்தச் சரக்கும் அல்ல. பிறப்பே குணத்தைத் தீர்மானிக்கும் என்று நம்மவர்கள் காலங்காலமாகப் பேசிவந்ததைத்தான் அவன் சட்டமாக எழுதிக்கொண்டான். உள்ளூரில் மேல்தட்டு ஆட்கள் பலருக்கு அது உறுத்தாமல் போனதில் ஆச்சரியம் இல்லை.

வெள்ளைக்கார அதிகாரிகள் இன்னொன்றும் செய்தார்கள். ஒரு சமூகத்தைப் பட்டியலில் சேர்த்து அரசு அறிவித்துவிட்டால், அந்த அறிவிப்பு செல்லுமா என்று எந்த நீதிமன்றமும் கேட்கக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். அவ்வளவு பலமான வாதம் என்றால் கோர்ட்டுக்கு ஏன் பயப்பட வேண்டும்?

1911இல் வந்த புதிய சட்டம் சென்னை மாகாணத்துக்கும் பொருந்தியது. மதுரைப் பக்கம் அதன் பெயர் ரேகைச் சட்டம். பதிவேட்டில் பெயர் ஏறியவர் பத்து விரல் ரேகையும் கொடுக்க வேண்டும். பலர் இரவில் வீட்டில் படுக்க முடியாது. ஊர்ச் சாவடிக்குப் போய் ஆஜராகி அங்கேயே படுக்க வேண்டும். உசிலம்பட்டி வட்டாரத்தில் பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மறுத்தார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் 16 பேர் இறந்தார்கள், அதில் ஒரு பெண்ணும் உண்டு. இங்கே வாதம் வட்டமடிப்பதைக் கவனியுங்கள். குற்றவாளி என்பதால் ரேகை கேட்கிறோம்; ரேகை தர மறுக்கிறான், அதனால் குற்றவாளிதான். இதில் எந்தப் பதில் சொன்னாலும் அவன்மேல்தான் திரும்பும். எதிராளி வாயைத் திறந்தாலும் மூடினாலும் அவனுக்கே பாதகம் என்றால், நான் அந்த வாதத்தை அங்கேயே தள்ளிவிடுவேன்.

சென்னை மாகாணத்தில் 1947இலும் நாடு முழுக்க 1952இலும் சட்டம் போனது. பேச்சுமுறை போகவில்லை. என்கவுன்டர் செய்தி எதையாவது எடுத்துப் பாருங்கள்: "பிரபல ரவுடி, 20 வழக்குகள் நிலுவையில்". சுட்டது சரியா என்ற கேள்விக்குச் செத்தவரின் பழைய கணக்கைப் பதிலாகத் தருகிறார்கள். இத்தகைய சாவுகளில் மாஜிஸ்திரேட் விசாரணை கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொல்லியிருக்கிறது. அந்த விசாரணை என்ன ஆனது, அந்த 20 வழக்கில் எத்தனையில் தண்டனை ஆனது என்று செய்தியில் தேடிப் பாருங்கள்.