முகவர் மென்பொருள்கள் தமக்குள் பேசிக்கொள்வது எப்படி? கேள்வி பதில்

இறுதியாண்டு மாணவி: ஐயா, என் முகவர் நிரல்கள் (தாமாகவே முடிவெடுத்து இயங்கும் நிரல்கள்) ஜேசன் என்ற பொதுத் தரவு வடிவில் செய்தி அனுப்பிக்கொள்கின்றன. அது போதாதா? முகவர்களின் பேச்சுக்கென்று வகுத்த ஃபிப்பா தரம் எதற்கு?

பதில்: போதாது அம்மா. "கிடங்கு 3, 40 பெட்டி" என்று ஒரு செய்தி வருகிறது. இது தகவலா, வேண்டுகோளா, கேள்வியா? ஜேசன் அதைச் சொல்லாது. 1996இல் தொடங்கிய ஃபிப்பா அமைப்பு தன் செய்தி மொழியில் கட்டாயமாக்கிய புலம் ஒன்றே ஒன்றுதான்: செய்தியின் நோக்கம். அனுப்புநர், பெறுநர்கூட அதற்கு அடுத்தபடிதான்.

மென்பொருள் பணியாளர்: ஃபிப்பா தரப்படி முகவர்களை எழுத உதவும் ஜேட் தளத்தில் ஒப்பந்தப்புள்ளி முறையில் வேலையைப் பங்கிடுகிறேன். ஒரு முகவர் பதில் தராவிட்டால் எல்லாமே நின்றுவிடுகிறது.

பதில்: பலரும் தடுக்கி விழும் இடம் இது. 1980இல் கணினி ஆய்வாளர் ரீட் ஸ்மித் வகுத்த இந்த முறையில், மேலாளர் முகவர் புள்ளி கோரும்; மற்றவை விலை சொல்லும் அல்லது மறுக்கும்; தேர்வான முகவர் 'முடித்தேன்' என்றோ 'முடியவில்லை' என்றோ அறிவிக்கும். கோரும் செய்தியில் 'ரிப்ளை-பை' புலத்தில் கெடு வையுங்கள். கெடு தாண்டி வந்த புள்ளி தள்ளுபடி. ஆனால் அந்தக் கெடு புள்ளி தருவதற்கு மட்டுமே. வேலையை ஏற்றபின் ஒரு முகவர் செத்துப்போனால் அது உங்களைக் காப்பாற்றாது. பணி முடிக்கத் தனிக் கெடு வேண்டும்.

இன்னொன்று: ஜேட்டில் ஒரு முகவருக்கு ஒரே த்ரெட், அதாவது ஒரே செயல் இழை. செய்தி வரும்வரை காத்துக்கிடக்கும் 'பிளாக்கிங்-ரிசீவ்' கட்டளையை அழைத்தால் அந்த முகவரின் மற்ற வேலைகளும் உறைந்துவிடும். உங்கள் நிரலில் முதலில் அதைத் தேடுங்கள். ஒவ்வொரு பேரத்துக்கும் தனி உரையாடல் எண்ணும் கொடுங்கள். இல்லையென்றால் பழைய பேரத்தின் பதில் புதியதில் வந்து கலக்கும்.

ஆய்வு மாணவர்: ஒரு முகவர் எடையைக் கிலோவிலும் இன்னொன்று டன்னிலும் சொல்கிறது. நெறிமுறை இதைத் தீர்க்குமா?

பதில்: தீர்க்காது. சொற்களின் பொருளை எந்தத் தொகுப்புப்படி கொள்வது என்று சொல்லும் 'ஆன்டாலஜி' புலத்தில் பெயர் எழுதினால் மட்டும் போதாது. அலகையும் சேர்த்து எழுதிவைத்து இரு தரப்பும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

வாசகர்: 2025இல் கூகுள், முகவர்கள் தமக்குள் பேசுவதற்கான ஏ2ஏ நெறிமுறையை வெளியிட்டுவிட்டது. இனியும் பழையதைப் படிக்க வேண்டுமா?

பதில்: கட்டாயம் படியுங்கள். ஏ2ஏவின் முகவர் அட்டை செய்வது, ஃபிப்பாவின் சேவைப் பட்டியல் அன்றே செய்த வேலைதான்: யாருக்கு என்ன செய்யத் தெரியும் என்று அறிவிப்பது. ஃபிப்பா சறுக்கிய இடத்தையும் சேர்த்துப் படியுங்கள். செய்தியின் பொருளை அது முகவரின் நம்பிக்கையையும் எண்ணத்தையும் வைத்து வரையறுத்தது. அடுத்தவர் எழுதிய நிரல் எதை நம்புகிறது என்று வெளியிலிருந்து யாரால் சோதிக்க முடியும்? மொழி மாதிரிகளை வைத்துக் கட்டும் முகவர்களிடம் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். அதனால் எண்ணத்தை விட்டுவிட்டு, யார் எதைச் செய்வதாக ஏற்றார், செய்தாரா என்பதைப் பதிவுசெய்யுங்கள். அதைச் சோதிக்க முடியும்.