ஒரு 'டொக்' சத்தத்துக்கு முழு செட் வாங்க வேண்டுமா?

கேள்வி: எங்களிடம் பழைய ஸ்விஃப்ட் கார் இருக்கிறது. காட்பாடியிலிருந்து வேலூர் டவுனுக்குத் தினமும் போய் வருகிறேன். பள்ளம் மேடான ரோட்டில் மெதுவாகப் போனாலே முன்பக்கம் இடது புறம் 'டொக் டொக்' என்கிறது. மெக்கானிக், இரண்டு பக்கமும் சாக் அப்சார்பர், லோயர் ஆர்ம், லிங்க் ராடு எல்லாமே மாற்றணும் என்று பெரிய தொகை சொல்கிறார். ஆன்லைனில் முழு செட்டே அதில் பாதி விலைக்கு இருக்கிறது. மச்சான் ராணிப்பேட்டையில் ஃபிட்டர், வீட்டு வாசலிலேயே மாட்டிடலாம் என்கிறார். வாங்கலாமா சார்?

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். எது போயிருக்கிறது என்று தெரியாமல் எல்லாவற்றையும் மாற்றுவது மெக்கானிக்குக்கு வசதி, உங்களுக்குச் செலவு. மெதுவாகப் போகும்போது சின்னப் பள்ளத்துக்கெல்லாம் டொக் டொக் என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது லிங்க் ராடு (வண்டி சாயாமல் பிடிக்கும் ஸ்டெபிலைசர் பாரைச் சாக்கோடு இணைக்கும் சின்னக் கம்பி), இருப்பதிலேயே விலை குறைந்த சாமான் அதுதான். மச்சானை வண்டியைப் பக்கவாட்டில் ஆட்டச் சொல்லிவிட்டு, ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்து வைத்து, வீலுக்குப் பின்னால் கைவிட்டு லிங்க் ராடு முனையில் இருக்கும் குண்டின் மேல் விரலை வையுங்கள். ஆட்டம் இருந்தால் விரலிலேயே தட்டும். ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் வெளியே வந்திருந்தால் யோசிக்கவே வேண்டாம்.

அது சரியாக இருந்தால், வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் வைத்து வீலைக் கடிகாரத்தில் 12, 6 இருக்கும் இடங்களில் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் லோயர் ஆர்ம் முனையில் இருக்கும் பால் ஜாயிண்டோ வீல் பேரிங்கோ. 3, 9 இடங்களில் ஆடினால் பெரும்பாலும் ஸ்டீயரிங்கை வீலோடு இணைக்கும் டை ராடு எண்டு. நின்ற இடத்தில் ஸ்டீயரிங் திருப்பும்போது பானெட்டுக்குக் கீழே 'டங்' என்று ஸ்ப்ரிங் குதிக்கிற மாதிரி கேட்டால் ஸ்ட்ரட் (சாக்கும் ஸ்ப்ரிங்கும் சேர்ந்த பாகம்) மவுண்டையும் அதன் பேரிங்கையும் பாருங்கள். சாக்கில் ஆயில் வழிந்து மண் ஒட்டிப் பிசுபிசுவென்று இருந்தால் மட்டும் சாக் மாற்றுங்கள், அதை ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும்.

வீட்டில் செய்வது பற்றி. லிங்க் ராடு தாராளமாகச் செய்யலாம், ஆனால் வண்டியோடு வந்த ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள், அது பஞ்சர் டயர் மாற்றத்தான். பின் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, முன்பக்கம் இரண்டு வீலையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் ஸ்டெபிலைசர் பார் முறுக்கிக்கொண்டு நிற்கும், பழையது கழலாது, புதியது ஓட்டையில் உட்காராது. துருப்பிடித்த நட்டுக்கு முந்தைய நாள் ராத்திரியே துரு இளக்கும் ஆயில் அடித்துவிடுங்கள். நட்டோடு சேர்ந்து ஸ்டட்டும் சுற்றும், அதை ஆலன் கீயால் பிடித்துக்கொள்ள வேண்டும்.

சாக் விஷயத்தில்தான் நான் பயப்படுகிறேன். ஸ்ட்ரட்டின் உச்சியில் நடுவில் இருக்கும் பெரிய நட்டை, ஸ்ப்ரிங்கைக் கம்ப்ரஸரால் அழுத்திப் பிடிக்காமல் கழற்றினால் ஸ்ப்ரிங் சீறிக்கொண்டு வரும், முகமோ கையோ மிஞ்சாது. மச்சானுக்குக் கை பழக்கம் இருந்தாலும் ஒரு யோசனை: நடு நட்டைத் தொடாமல் ஸ்ட்ரட்டை முழுசாகக் கழற்றி ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துப்போய், அங்கே பழைய ஸ்ப்ரிங்கைப் புது சாக்கில் மாட்டி வாங்கி வாருங்கள், கூலி பெரிதாக வராது. கழற்றும்போது வீல் பக்கத்துச் சாமான்களின் எடை பிரேக் ஹோஸில் தொங்கக்கூடாது, அவற்றைக் கம்பியால் கட்டி வையுங்கள். லோயர் ஆர்ம் மாற்றினால் அதன் ரப்பர் புஷ் போல்ட்டுகளை வண்டி தரையில் நிற்கும்போதுதான் கடைசியாக இறுக்க வேண்டும், தொங்கலில் இறுக்கினால் புது ரப்பர் சீக்கிரமே கிழியும். ஸ்ட்ரட், ஆர்ம், டை ராடு எதைத் தொட்டாலும் வீல் அலைன்மெண்ட் பார்க்க வேண்டும், வெறும் லிங்க் ராடுக்குத் தேவையில்லை.

ஆன்லைன் செட்டில் தயாரித்தவர் பெயர், முகவரி, எம்ஆர்பி, தயாரித்த மாதம், வருஷம் உறையில் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள், எந்த நாட்டுச் சரக்கு என்பதும் அந்த விற்பனைப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். இதெல்லாம் இல்லாத மொட்டை டப்பா எவ்வளவு மலிவாக இருந்தாலும் ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் வேலைக்கு வேண்டாம்.

கேள்வி: கடையில் பில் வேண்டாம் என்றால் குறைத்துத் தருகிறேன், பில் வேண்டுமென்றால் எம்ஆர்பிக்கு மேல் ஜிஎஸ்டி என்கிறார்கள். விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்று போர்டும் வைத்திருக்கிறார்கள். சரியா?

பதில்: இரண்டும் தப்பு. எம்ஆர்பி என்றாலே எல்லா வரியும் சேர்த்துத்தான், அதற்கு மேல் ஒரு ரூபாய் கேட்க முடியாது. கார் உதிரி பாகங்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 18 சதவீதம், பில்லில் 28 என்று போட்டிருந்தால் கேளுங்கள். பில் தர மறுப்பதும், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம்தான். பில்லில் கெடு எதுவும் போடவில்லையென்றால் 30 நாள் கணக்கு. ஆனால் நீங்களே தப்பான மாடலுக்கு வாங்கிவிட்டு மாட்டிப் பார்த்துக் கிரீஸோடு கொண்டுபோனால் சட்டம் துணைக்கு வராது, பழைய சாமானைக் கையில் எடுத்துப்போய் ஒப்பிட்டு வாங்குங்கள். தகராறு என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள், அங்கே தீரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் புகார் கட்டணமே கிடையாது, வாங்கிய கடை சென்னையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் வேலூரிலேயே வழக்குப் போடலாம், பிரச்சினை வந்ததிலிருந்து இரண்டு வருஷத்துக்குள்.