எது கலை, எது அன்று: வரையறைகள் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: கலைக்கு எல்லோரும் ஏற்கும் வரையறை உண்டா?

இல்லை. அப்படி ஒன்று அமையவே முடியாது என்று 1956இல் மெய்யியலாளர் மாரிஸ் வெய்ட்ஸ் வாதிட்டார். புதிய ஆக்கங்கள் பழைய எல்லைகளை மீறிக்கொண்டே இருப்பதால், கலைகளுக்கிடையே இருப்பது மெய்யியலாளர் விட்கென்ஸ்டைன் கூறிய குடும்பச் சாயல் (எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு பண்பு இல்லாமல், அங்கங்கே ஒத்துப்போவது) மட்டுமே என்பது அவர் நிலை. ஆனால், முகச்சாயலைக் குடும்பச் சாயல் ஆக்குவதே கண்ணுக்குத் தெரியாத இரத்த உறவுதான் என்று மற்றொரு மெய்யியலாளர் மாண்டல்பாம் 1965இல் மடக்கினார். அதன்பின் தேடல், கண்ணில் படும் பண்புகளை விட்டு, படைப்புக்கும் அதன் சூழலுக்கும் உள்ள உறவின் பக்கம் திரும்பியது.

கேள்வி: உணர்ச்சியைக் கடத்துவதே கலை என்று டால்ஸ்டாய் சொன்னது போதாதா?

அந்த அளவுகோலால் அவர் தம் பெரும் நாவல்களையே தள்ளிவைக்க நேர்ந்தது. ‘இது கலையா’ என்பது வேறு, ‘இது நல்ல கலையா’ என்பது வேறு, இரண்டையும் கலக்காதீர்கள்.

கேள்வி: கழிப்பறைப் பீங்கானைக் கொண்டுவந்து வைத்தால் அதுவும் கலையா? வெறும் ஏமாற்று வேலை!

ஏமாற்று என்பது மதிப்பீடு. மேலே சொன்னதைப் பாருங்கள். 1917இல் பிரெஞ்சுக் கலைஞர் டூஷாம்ப் அந்தப் பீங்கானை ‘ஆர். மட்’ என்று கையொப்பமிட்டு, கட்டணம் செலுத்தும் எவர் படைப்பையும் ஏற்பதாக அறிவித்திருந்த நியூயார்க் கண்காட்சிக்கு அனுப்பினார். கண்காட்சியை நடத்தியவர்களோ அதைக் காட்சிக்கு வைக்கவில்லை. 1964இல் அமெரிக்கக் கலைஞர் வார்ஹோல், கடையில் கிடைக்கும் பிரில்லோ என்ற பாத்திரம் தேய்க்கும் பஞ்சின் அட்டைப்பெட்டியைப் போலவே ஒட்டுப்பலகையில் பெட்டிகள் செய்து அடுக்கியபோது, இரண்டையும் பிரித்துக் காட்டுவது கண் அன்று, கலை பற்றிய கோட்பாடும் வரலாறும்தான் என்று மெய்யியலாளர் டான்டோ எழுதினார். இதிலிருந்து கிளம்பிய மெய்யியலாளர் ஜார்ஜ் டிக்கி, கலையுலகம் (கலைஞர்கள், விமர்சகர்கள், அருங்காட்சியகத்தார் போன்றோர்) என்ற அமைப்பின் சார்பில் ஒருவர் தகுதி வழங்கினால் ஒரு பொருள் கலையாகும் என்றார்.

கேள்வி: அப்படியென்றால் கலையுலகினர் சொன்னதே சட்டமா?

இதைத்தான் மெய்யியலாளர் ரிச்சர்ட் வால்ஹைம் கேட்டார். தகுதி வழங்குவோருக்குக் காரணம் உண்டென்றால் அந்தக் காரணமே வரையறை. இல்லையென்றால் அவர்கள் சொல்லை நாம் ஏன் மதிக்க வேண்டும்? ஒரு சான்று: சிற்பி பிரான்குசியின் பறவைச் சிற்பத்தை 1926இல் அமெரிக்கச் சுங்கத்துறை உலோகப் பண்டம் என்று வகைப்படுத்தி 40 சதவீத வரி கேட்டது. 1928இல் நீதிமன்றம் அதைக் கலை என்று ஏற்றபோது காரணங்களைச் சொல்லித்தான் ஏற்றது: பார்க்க அழகானது, தொழில்முறைச் சிற்பியின் மூலப்படைப்பு.

எதிர்வாதம்: நீதிமன்றம் கேட்டது கலையுலகினரின் சாட்சியத்தைத்தானே? டிக்கி வென்றார்.

சாட்சிகள் ‘நாங்கள் சொல்கிறோம்’ என்று நிறுத்தவில்லை; ஏன் என்று விளக்கினார்கள்.

எதிர்வாதம்: அந்தக் காரணங்களின்படி டூஷாம்பின் பீங்கான் தேறாதே?

தேறாது, நல்ல அடி. ஆனால் விழுவது அழகு என்ற அந்தக் காரணம்தான். காரணம் வேண்டும் என்ற வால்ஹைமின் கேள்வி அப்படியே நிற்கிறது. டிக்கி 1984இல் தம் வரையறை சுற்றிவருவதை (கலையைக் கலையுலகாலும், கலையுலகைக் கலையாலும் விளக்குவதை) ஒப்புக்கொண்டு, அதில் கேடில்லை என்றார். எனக்கு அது சமாதானமாகப் படவில்லை.

கேள்வி: கோடிக்கணக்கில் விலைபோனால் கலைதானே?

இல்லை.

கேள்வி: எல்லாமே கலைதான் என்றால் என்ன தவறு?

‘எதுவும் கலையாகலாம்’ என்பதை வைத்து ‘எல்லாமே கலை’ என்று முடிவுகட்ட இயலாது. மதிப்பீட்டையும் வகைப்பாட்டையும் கலக்கும் கேள்விகளுக்கு இனி விடை தர மாட்டேன்.

கேள்வி: குகை ஓவியம் தீட்டியவர்களுக்கு எந்தக் கலையுலகம் இருந்தது?

இன்றைய கேள்விகளில் சிறந்தது இதுதான். முந்தைய கலை எவ்வாறு நோக்கப்பட்டதோ அவ்வாறு நோக்கப்பட வேண்டும் என்ற எண்ணத்தோடு ஆக்கப்படுவதே கலை என்று 1979இல் மெய்யியலாளர் ஜெரால்ட் லெவின்சன் வரலாற்றை ஆதாரமாக்கினார். இந்தச் சங்கிலியில் முதல் கண்ணிக்கு முன்னோடி இல்லை. ஆகவே முதற்கலைகளுக்குத் தனி விதி சேர்க்க வேண்டியிருக்கிறது; அந்த விதி, பயனை வைத்துக் கலையை வரையறுப்போரின் வாதத்தைப் பின்வாசல் வழியே உள்ளே விடுகிறது.