நடாலின் ஃபோர்ஹேண்டும் நம் மணிக்கட்டும்

கேள்வி: டொக்டர், நான் நுவரெலியாவில் பாடசாலை ஆசிரியர். வயது 44. மூன்று வருடமாகச் சனி, ஞாயிறுகளில் டென்னிஸ் ஆடுகிறேன். கோச் கிடையாது, யூடியூப்தான் குரு. நடாலும் அல்கராஸும், ரக்கெட் பிடித்த கைப் பக்கம் வரும் பந்தை அடிக்கும் ஃபோர்ஹேண்டை ஸ்லோ மோஷனில் பார்த்து, பிடியை மாற்றி, மணிக்கட்டைப் பின்னால் மடித்துச் சுண்டி அடிக்கப் பழகினேன். இப்போது இரண்டு மாதமாக வலது மணிக்கட்டில், சுண்டுவிரல் பக்கம் வலி. கரும்பலகையில் எழுதும்போதும் கதவுக் குமிழைத் திருகும்போதும் சுள்ளென்கிறது. பாம் தேய்த்தேன், பனடோல் போட்டேன், கேட்கவில்லை. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றார்கள். பெரிய ஆட்டக்காரர்களைப் பார்த்துப் பழகியது தப்பா? என் 11 வயது மகனும் இப்போது அப்படியே அடிக்கிறான்.

பதில்: சேர், எக்ஸ்ரே எலும்பைத்தான் காட்டும். நீங்கள் சொல்லும் இடத்தில் எலும்பைவிட மற்றவைதான் அதிகம் கெடும். அரந்தி எலும்பின் நுனியில் ஒரு சிறு பள்ளம் உண்டு. மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் இழுக்கும் தசைநாண் அதில்தான் ஓடுகிறது. பள்ளத்தைவிட்டு விலகாமல் ஒரு மெல்லிய உறை அதைப் பிடித்து வைத்திருக்கிறது. பக்கத்திலேயே முக்கோண வடிவில் ஒரு கசியிழையம், கைக்கு மெத்தை மாதிரி. இந்த இரண்டில் ஒன்றுதான் உங்களுக்குப் புண்பட்டிருக்க வேண்டும். நாற்காலியின் இரு கைப்பிடிகளையும் அழுத்தி எழுந்து பாருங்கள். அப்போது அதே இடத்தில் குத்தினால் கசியிழையத்தின்மேல் சந்தேகம். உள்ளங்கையை மேலே திருப்பும்போது ஏதோ நழுவி 'டக்' என்றால் தசைநாணின் உறை. கையைத் தொட்டுப் பார்க்காமல் இதற்குமேல் நான் சொல்லக்கூடாது.

இனி, பார்த்துப் பழகியது தப்பா என்ற கேள்வி. பார்த்தது தப்பில்லை. எதைப் பார்த்தீர்கள் என்பதில்தான் கோளாறு.

பந்து ரக்கெட்டின் நரம்பில் தங்குவது ஏறக்குறைய ஒரு விநாடியின் இருநூறில் ஒரு பங்கு நேரம். கண் கண்டதற்குக் கை பதில் சொல்லவே விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு வேண்டும். ஆகவே பந்து படும் நொடியில் அல்கராஸ் மணிக்கட்டால் எதையோ 'செய்கிறார்' என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். அவர் காலை ஊன்றுகிறார், இடுப்பு திரும்புகிறது, அதன் பின்னால் தோள், அதன் பின்னால் கை. தளர்ந்த பிடியில் ரக்கெட்டின் தலை கடைசியாக இழுபட்டு வருகிறது. அந்த இழுபாட்டில் மணிக்கட்டு தானாகப் பின்னால் மடிகிறது. சாட்டையை வீசினால் நுனி கடைசியில் வருமே, அந்தக் கணக்கு. ஸ்லோ மோஷனில் கண்ணுக்கு அழகாகத் தெரிவது அந்த மடிப்பு ஒன்றுதான். இடுப்பும் காலும் செய்த வேலை யார் கண்ணிலும் படாது. நீங்கள் அந்த மடிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, வேலை முழுவதையும் மணிக்கட்டின் தலையில் கட்டிவிட்டீர்கள்.

பிடியும் சேர்ந்துகொண்டது. உள்ளங்கை கைப்பிடிக்குக் கீழே போகும் வெஸ்டர்ன் பிடியில் ஆடுபவர்களுக்குச் சுண்டுவிரல் பக்கம்தான் அதிகம் வலிக்கும். கைகுலுக்குவதுபோல் பிடிக்கும் ஈஸ்டர்ன் பிடிக்காரர்களுக்குப் பெருவிரல் பக்கம். பெரிய ஆட்டக்காரர்களுக்கும் இதில் விலக்கு இல்லை. 2020இல் அமெரிக்க ஓப்பனை வென்ற டொமினிக் தீமுக்கு அடுத்த வருடமே வலது மணிக்கட்டில், உங்களுக்கு வலிக்கும் அதே பக்கத்தில், உறை கிழிந்தது. பழைய ஆட்டம் திரும்பவேயில்லை. 2024இல் ஓய்வு பெற்றார். 2009இல் இடிபோல ஃபோர்ஹேண்ட் அடித்து அதே கிண்ணத்தைத் தூக்கிய டெல் பொட்ரோவுக்கு இரண்டு மணிக்கட்டிலும் அறுவைச் சிகிச்சை. பக்கத்திலேயே பிசியோதெரபிஸ்டை வைத்துக்கொண்டு ஆடுபவர்களுக்கே இந்த நிலை.

அவர்கள் கையும் நம் கையும் ஒரே சரக்கு அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். சிறு வயதில் ஆடத் தொடங்கியவர்களின் ஆடும் கை எலும்பு, மற்றக் கையைவிடத் தடித்தே வளர்ந்திருக்கும். நீங்கள் 41இல் தொடங்கினீர்கள். வாரத்தில் ஐந்து நாள் சோக்கட்டி, ஆறாம் நாள் இரண்டு மணி நேரம் வெஸ்டர்ன் பிடி. (சிரிக்கவில்லை சேர். பேராதனையில் படிக்கும்போது சாம்ப்ராஸ் என்ற ஆட்டக்காரர் பந்தைப் போட்டுத் தொடங்கும் 'சேர்வ்' அடியை நானும் பழகினேன். ஒரு தவணை முழுவதும் தோளைத் தூக்க முடியவில்லை.)

நுவரெலியாவுக்கென்று ஒரு வில்லங்கமும் இருக்கிறது. ஊர் ஏறக்குறைய 1,868 மீட்டர் உயரம். 1,219 மீட்டருக்கு மேல் ஆடுவதற்கென்றே சர்வதேச டென்னிஸ் விதிகளில் தனிப் பந்து வகை உண்டு. காற்று மெலிந்திருப்பதால் சாதாரணப் பந்து இங்கே வேகமாகப் பறக்கும், உயர எழும்பும், கோட்டைத் தாண்டி விழும். அதை உள்ளே இறக்க, பந்தை முன்பக்கமாகச் சுழலவிடும் டொப் ஸ்பின் வேண்டுமென்று நீங்கள் மணிக்கட்டை இன்னும் முறுக்கியிருப்பீர்கள். ஆனால் சுழலும் பந்தைக் கீழே அழுத்துவதும் அதே காற்றுதான். காற்று மெலிந்தால் அந்தச் சுழலின் பலனும் குறைகிறது. பாடு இரட்டிப்பு, பலன் பாதி. பின்னேரம் பனிமூட்டம் இறங்கினால் பந்தின் கம்பளி ஈரம் குடித்துக் கனக்கும். அந்தப் பந்தோடு மல்லுக்கட்ட வேண்டாம், ஆட்டத்தை முடித்துவிடுங்கள்.

ரக்கெட்டில் என்ன நரம்பு கட்டியிருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. நடாலைப் பார்த்துப் பொலியெஸ்டர் கட்டியிருந்தால் அறுத்துவிடுங்கள். அது விறைப்பானது, அதிர்ச்சியை நேரே கைக்கு அனுப்பும். அவர்கள் ஓர் ஆட்டத்துக்குள்ளேயே ரக்கெட்டை மாற்றுகிறார்கள். நாம் அறும்வரை வைத்திருப்போம். மென்மையான நைலோன் நரம்பை, இறுக்கம் குறைத்துக் கட்டச் சொல்லுங்கள்.

இரண்டு மூன்று வாரம் ரக்கெட்டைத் தொடவே வேண்டாம். மணிக்கட்டை அசையவிடாத பட்டி ஒன்றை வேலை நேரத்தில் கட்டுங்கள். டைக்ளோஃபெனக் என்ற வலி மாத்திரையை நீங்களாக பாமசியில் வாங்கி விழுங்க வேண்டாம். கேஸ்ட்ரிக், பிரஷர், சிறுநீரகக் கோளாறு இருந்தால் அது வேறு வில்லங்கம். வலி அடங்கியபின் ஒரு சிறு சுத்தியலைப் பிடித்து, முன்கையை மேசையில் வைத்து, உள்ளங்கையை மெதுவாக மேலும் கீழும் திருப்புங்கள். வலிக்காத அளவுக்கு மட்டும். பிறகு பாதிக் கோர்ட்டில், ஈஸ்டர்ன் பிடியோடு, மெல்லத் தட்டத் தொடங்கலாம். 'டக்' சத்தம், வீக்கம், விரல் மரத்தல், இரவில் வலி, இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காமல் மாவட்டப் பொது வைத்தியசாலையின் எலும்பு கிளினிக்குக்குப் போய்விடுங்கள். ஸ்கேன் தேவையா என்று அவர்கள் பார்த்துச் சொல்வார்கள்.

இன்னொன்று. 'டென்னிஸ் எல்போ' என்கிற முழங்கை வலியோடு என்னிடம் வருபவர்களில் டென்னிஸ் ஆடுபவர் அபூர்வம். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் மலையில் நாள் முழுக்கக் கத்தி வீசும் தோட்டத்துப் பையன்கள்தான் அதிகம். துரைமார் ஆட, நம் தாத்தாமார் பந்து பொறுக்கிக் கொடுத்த ஊர் இது. இன்று ஒரு வாத்தியார் ரக்கெட் பிடிக்கிறார் என்றால் எனக்குச் சந்தோஷம். ஆட்டத்தை விட்டுவிடச் சொல்லவே மாட்டேன்.

அவர்களிடம் எடுத்துக்கொள்ள நிறைய உண்டு. எதிராளி அடிக்கும் கணத்தில் அல்கராஸ் போடும் சிறு துள்ளலைப் பாருங்கள். பந்து புறப்பட்டதுமே இடது கை ரக்கெட்டை விடாமல் தோள் முழுதாகத் திரும்புவதைப் பாருங்கள். பெடரர் பந்து பட்ட பிறகும் தலையை அசைக்காமல் அதே இடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதைப் பாருங்கள். இவை எதுவும் மூட்டைக் கெடுக்காது, எந்த வயதிலும் வரும்.

மகன் விஷயம். அவன் உயரத்துக்குச் சாதாரணப் பந்து தோளுக்குமேல் எழும்புகிறது. அதை அடிக்க வெஸ்டர்ன் பிடிக்குத்தான் கை போகும். பிள்ளைகளுக்கென்று அழுத்தம் குறைந்த ஒரேஞ்ச், பச்சைப் பந்துகள் இருக்கின்றன. கொழும்பில் விளையாட்டுப் பொருள் கடைகளில் கேட்டுப் பாருங்கள். பந்து இடுப்பளவில் வந்தால் பிடியும் தானாகவே இறங்கி வரும். அவனுடைய மணிக்கட்டில் எலும்பு வளரும் பகுதி இன்னும் மூடவில்லை. வலிக்கிறது என்று அவன் சொன்னால் அன்றைக்கே ஆட்டத்தை நிறுத்திவிட்டு என்னிடம் கூட்டி வாருங்கள். நீங்கள் பொறுத்ததுபோல இரண்டு மாதம் அவனைப் பொறுக்கவிடாதீர்கள்.