சிங்கப்பூரில் அளவாகச் சமைத்து, வீணாக்காமல் இருந்தால் மளிகைச் செலவு உண்மையிலேயே குறையுமா?

குறையும். ஆனால் நீங்கள் எதிர்பார்க்கும் இடத்தில் குறையாது.

நீங்கள் கேட்டிருப்பது இது: கணவன் மனைவி, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், மளிகை, காய்கறி, மீன் எல்லாமாக மாதம் 900 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) பக்கம் போகிறது. தட்டில் போடும் அளவைக் குறைத்து, மிச்சத்தைக் கொட்டாமல் இருந்தால் ஏதாவது கையில் நிற்குமா, இல்லை இது வெறும் கஞ்சத்தனமா?

எங்கள் வீடும் ஏறக்குறைய உங்கள் வீடு மாதிரிதான். கூடுதலாக மாமியார் இருக்கிறார். ஈசூனில் நாலறை வீடு, சந்தைக்குப் போவதும் சமைப்பதும் என் பொறுப்பு. அதனால் எனக்குப் பழகிப்போன கணக்கை வைத்தே சொல்கிறேன்.

வீணாக்கக் கூடாது என்று முடிவெடுத்ததும் எல்லாரும் முதலில் கை வைப்பது சோற்றில்தான். அதற்குக் காரணமும் உண்டு. தேசிய சுற்றுப்புற வாரியம் 2017இல் வெளியிட்ட ஆய்வில், வீடுகளில் கொட்டப்படும் உணவில் ஏறக்குறைய பாதி தவிர்த்திருக்கக்கூடியது என்றும், அதிகம் குப்பைக்குப் போவது சோறு, நூடல்ஸ், ரொட்டி என்றும் சொன்னார்கள். எடை போட்டுப் பார்த்தால் அது சரி. பணமாகப் பார்த்தால் கதை வேறு. ஐந்து கிலோ பொன்னி அரிசி 13 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். ரைஸ் குக்கரோடு வரும் கப்பில் ஒரு கப் அரிசி சுமார் 150 கிராம் பிடிக்கும். விலை 40 காசுகூட வராது. தினமும் அரைக் கப் அரிசியின் சோறு குப்பைக்குப் போனாலும் மாதத்துக்கு ஆறு வெள்ளிதான். ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் கருத்துப்போன முருங்கைக்காய், நாற்றம் வந்த பிறகு கண்ணில் படும் மீன் துண்டுகள், திறந்து பாதியில் நின்ற பால், தண்ணீர் விட்டுக் குழைந்த கொத்தமல்லி இவற்றையெல்லாம் கூட்டினால் அந்த ஆறு வெள்ளி ஒரே வாரத்தில் போயிருக்கும்.

அப்படியென்றால் சோற்றை அளக்க வேண்டாமா? கட்டாயம் அளக்க வேண்டும். ஆனால் அரிசியை மிச்சம் பிடிப்பதற்காக அல்ல. நம் சமையலில் மற்ற எல்லாவற்றின் அளவையும் சோறுதான் முடிவு செய்கிறது. சோறு கூடினால் குழம்பு கூடும், குழம்பு கூடினால் மீனும் காயும் தேங்காயும் கூடும். குக்கரில் ஒரு கப் கூட வைத்தால், ‘இவ்வளவு சோற்றுக்கு இந்தக் குழம்பு போதாதே’ என்று இன்னும் இரண்டு துண்டு மீன் எடுக்கத் தோன்றும். செலவு அந்த இரண்டு துண்டில் இருக்கிறது.

இதில் பாத்திரத்தின் பங்கு பெரிது என்பது என் அபிப்பிராயம். பெரும்பாலான வீடுகளில் கல்யாணச் சீராகவோ தள்ளுபடியிலோ வந்த 1.8 லிட்டர் ரைஸ் குக்கர் இருக்கும். அதில் ஒரு கப் அரிசி வைத்தால் அடியில் காய்ந்து மேலே வேகாமல் நிற்கும். அதனால் தேவையோ இல்லையோ மூன்று கப் போட்டுவிடுவோம். எங்கள் வீட்டுக்கு ஒரு லிட்டர் குக்கர் வந்த பிறகு அளவு தானாகவே இறங்கிவிட்டது. இரவுச் சாப்பாட்டுக்கு இரண்டு கப்புக்கு மேல் வைப்பதில்லை. சாம்பாருக்கும் அப்படித்தான். பெரிய அண்டாவை மேல் அலமாரிக்கு ஏற்றிவிட்டு, அரைக் கப் பருப்புக்கு ஏற்ற பாத்திரத்தை மட்டும் அடுப்புப் பக்கம் வையுங்கள். கை அதைத்தான் எடுக்கும்.

மாமியாருக்கு இது ஆரம்பத்தில் பிடிக்கவில்லை.

“திடீர்னு யாராவது வந்தா என்ன போடுவ?”

“மாவு இருக்கு அத்தை, தோசை ஊத்திடலாம்.”

இப்போதும் அவ்வப்போது கேட்பார். அவர் வளர்ந்த காலத்தில் வாசல் திறந்தே கிடந்தது, யாரும் எப்போதும் வரலாம். இன்று ஈசூனுக்கு வருகிறவர்கள் எம்ஆர்டி ரயிலில் ஏறும்போதே வாட்ஸ்அப்பில் சொல்லிவிடுகிறார்கள். வராத விருந்தாளிக்குத் தினமும் ஒரு தட்டுச் சோறு ஆக்க வேண்டியதில்லை. ஆனால் வந்துவிட்டால் கொடுக்க ஏதாவது இருக்க வேண்டும் என்று அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மாவும் முட்டையும் எப்போதும் வீட்டில் இருப்பது அதற்காகத்தான்.

பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைப்பதற்கு என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். குறைவாகப் போட்டு, வேண்டுமென்றால் மறுபடி கேட்கச் சொல்லுங்கள். எங்கள் சின்னவள் முதலில் இரண்டு கரண்டிச் சோறு, பிறகு ஒரு கரண்டி என்று வாங்கிக்கொள்கிறாள். பசியாறிய பிறகும் தட்டைக் காலி செய்யச் சொல்லி வற்புறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. காசு மிஞ்சுகிறது என்று குழந்தையை அளவுக்கு மேல் சாப்பிட வைப்பதும் வீண்தான். தட்டில் பாதி காய்கறியும் பழமும், கால்வாசி முழுதானியம், கால்வாசி மீனோ இறைச்சியோ பருப்போ என்று சுகாதார மேம்பாட்டு வாரியம் ஒரு கணக்குச் சொல்கிறதே, அந்தப் படம் பள்ளியிலும் பார்த்திருப்பார்கள். அதன்படி போனால் நம் வீடுகளில் சோறு குறைந்து காய் கூடும். சொல்லப்போனால் செலவு கொஞ்சம் ஏறவும் செய்யும். அதை ஈடுகட்டுவது மீனும் இறைச்சியும் குறைவதுதான்.

இனி மீன். பணம் இருப்பது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பேரங்காடியில் தட்டில் வைத்து உறை போட்ட மீனை அவர்கள் வைத்த எடையில்தான் எடுக்க வேண்டும். ஈரச்சந்தையில் அப்படி இல்லை. வஞ்சிரம் வாங்கும்போது எத்தனை துண்டு, எவ்வளவு கனம் என்று நீங்கள் சொல்லலாம். கட்டை விரல் கனத்துக்கு வெட்டுவது மீன்கார அங்கிளுக்குப் பழக்கம். சுண்டு விரல் கனத்துக்கு வெட்டித் தரச் சொன்னால் அதே எடைக்குக் கூடுதல் துண்டுகள் வரும். வறுவலுக்கு மெல்லிய துண்டுதான் ருசி, மசாலா உள்ளே இறங்கும். குழம்புக்கு வால் பக்கமும் தலையும் போதும். வீட்டுக்கு வந்ததும் கழுவி, ஈரம் போகத் துடைத்து, மஞ்சளும் உப்பும் தடவி, ஒரு வேளைக்கு எத்தனை துண்டோ அத்தனையை மட்டும் ஒரு பையில் படுக்கை வசத்தில் அடுக்கி, காற்றை அழுத்தி வெளியேற்றி பிரீசரில் வைப்பேன். பைமேல் ‘குழம்பு’ அல்லது ‘வறுவல்’ என்று எழுதித் தேதியும் போட்டுவிடுவேன். ஒரு கிலோவையும் ஒரே கட்டியாக உறைய வைத்தால், நாலு துண்டுக்காக முழுவதையும் உருக்க வேண்டி வரும். பிறகு, உருக்கிவிட்டோமே என்று எல்லாவற்றையும் சமைப்போம். வாங்கும்போதே ஐஸ் மீனா, புது மீனா என்றும் கேட்டுவிடுங்கள். ஏற்கெனவே உருகிய ஐஸ் மீனை மறுபடி உறைய வைத்தால் சதை சொதசொதவென்று ஆகிவிடும்.

துருவிய தேங்காய்க்கும் இதே வழிதான். ஒரு குழம்புக்கு ஆகும் அளவாகப் பிரித்து, பையில் தட்டையாகப் பரப்பி உறைய வையுங்கள். வேண்டும்போது அப்பளம் மாதிரி உடைத்து எடுக்கலாம்.

கீரை, காய்கறி விஷயத்தில் நம்மவர்களுக்கு ஒரு தனிப் பிரச்சினை உண்டு. ஈசூனிலிருந்தோ செங்காங்கிலிருந்தோ ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்கா சந்தைக்குப் போகிறோம். இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று பஃப்ளோ ரோட்டில் வெண்டைக்காய், முருங்கை, அவரை, முளைக்கீரை, இரண்டு கட்டு கறிவேப்பிலை என்று கையில் அள்ளுகிறோம். வியாழக்கிழமை பாதி குப்பைக்குப் போகும். நான் இப்போது பிரித்து வாங்குகிறேன். பருப்பு, புளி, மிளகாய், பொடி வகைகள், மாதக்கணக்கில் கெடாதவை எல்லாம் தேக்காவில். கீரையும் பச்சைக் காயும் வீட்டுப் பக்கத்துச் சந்தையில், இரண்டு நாளுக்கு ஆகிறதை மட்டும். சீனர் கடையில் ‘பாயம்’ என்று விற்பதும் நம் தண்டுக்கீரை இனம்தான். கடையலுக்கு அருமையாக வரும், தண்டைச் சாம்பாரில் போடலாம். கங்கோங் கீரையைப் பருப்போடு கூட்டு வைத்துப் பாருங்கள். ஊரிலிருந்து விமானத்தில் வந்திறங்கும் காயையே எல்லா நாளும் சமைக்க வேண்டும் என்று நினைத்தால் 900 வெள்ளி போதாது.

அரிசி முதல் பருப்பு வரை எதையும் பெரிய பையாக வாங்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்தப் புழுக்கத்தில் அரிசியிலும் ரவையிலும் வண்டு வருவதற்கு நாள் ஆகாது. 2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடை செய்தபோது எங்கள் உறவினர் வீடொன்றில் மூட்டை மூட்டையாக வாங்கி அடுக்கினார்கள். அடுத்த மாதமே சிங்கப்பூருக்கு விலக்கு அளிப்பதாகச் செய்தி வந்தது. அரிசியில் வண்டும் வந்தது! பருப்பும் ரவையும் சின்ன பாக்கெட்டாக வாங்கி, நாலைந்து நாள் பிரீசரில் வைத்தெடுத்து டப்பாவில் போட்டால் முட்டை இருந்தாலும் செத்துவிடும்.

‘மூன்று வாங்கினால் ஐந்து வெள்ளி’ பலகை முன்னால் நிற்கும்போது மூன்றையும் முடிப்போமா என்பது ஒன்றுதான் கேள்வி. சோப்புக்கு ஆம். தயிருக்கு அநேகமாக இல்லை. அரசாங்கம் வீடுகளுக்குக் கொடுக்கும் சிடிசி பற்றுச்சீட்டு வந்த வாரம் இன்னும் மோசம். 2025இல் ஜனவரியில் 300 வெள்ளியும் மே மாதம் 500 வெள்ளியும் ஒவ்வொரு வீட்டுக்கும் கிடைத்தது, அதில் பாதி பேரங்காடிக்கு. கைக்காசு இல்லை என்பதால் தள்ளுவண்டி தானாக நிறைகிறது. இரண்டு, ஐந்து, பத்து வெள்ளிச் சீட்டுகளாக வருவதாலும் மீதிச் சில்லறை தரமாட்டார்கள் என்பதாலும், கணக்கை நேராக்க இன்னொரு பாக்கெட் பிஸ்கட்டும் ஏறும். பேரங்காடிப் பங்கில் நான் எண்ணெய், அரிசி, சலவைத்தூள் மட்டும் வாங்குவேன். மற்றப் பாதியைச் சந்தைக் கடைக்காரர்களிடம் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழிப்பேன்.

மிச்சம் வந்தால் என்ன செய்வது என்பதற்கு ஆளாளுக்கு நூறு வழி சொல்வார்கள். இட்லி உப்புமா, புளித்த மாவில் ஊத்தப்பம், பீர்க்கங்காய்த் தோல் துவையல், இதெல்லாம் உங்களுக்கே தெரியும். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லிவிடுகிறேன். காசு போகிறதே என்று இரவெல்லாம் மேசைமேல் இருந்த சோற்றைக் காலையில் சூடாக்கிப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். சமைத்த சோற்றில் பெருகும் ஒருவகைக் கிருமியின் நஞ்சு, மறுபடி சூடாக்கினாலும் போகாது. மிஞ்சும் என்று தெரிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் அகலமான டப்பாவில் பரப்பி ஃபிரிட்ஜில் வையுங்கள். அப்புறம், பாக்கெட்டில் ‘யூஸ் பை’ என்றிருந்தால் அந்தத் தேதியை மதிக்க வேண்டும். ‘பெஸ்ட் பிஃபோர்’ ருசியையும் தரத்தையும் பற்றியது. அது நேற்றோடு முடிந்தது என்பதற்காகப் பிரிக்காத பிஸ்கட்டைத் தூக்கிப் போட வேண்டாம்.

இவ்வளவும் செய்தும் மாதக் கடைசியில் பணம் மிஞ்சவில்லை என்று சிலர் சொல்வார்கள். பெரும்பாலும் காரணம் இதுதான்: குறைவாகச் சமைக்கிறார்கள், ஆனால் வாங்குவது பழைய அளவில்தான். தட்டில் குறைந்தது அலமாரியில் சேரும், அங்கிருந்து குப்பைக்குப் போகும். ஆக, சந்தைக்குக் கிளம்புமுன் ஃபிரிட்ஜைத் திறந்து போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் சனிக்கிழமை மதியம் புதிதாக எதுவும் வாங்காமல் இருப்பதை வைத்துச் சமைப்பது வழக்கம். அன்றைக்குச் சாம்பாரில் முள்ளங்கியும் காலிஃபிளவர் தண்டும் சேர்ந்தே கிடக்கும், யாரும் புகார் சொன்னதில்லை.

எவ்வளவு மிஞ்சும் என்று தொகையாகக் கேட்டால், வீட்டுக்கு வீடு மாறும். இப்போது எவ்வளவு கொட்டுகிறீர்களோ அதுதான் உச்ச வரம்பு. ஏற்கெனவே கட்டுசெட்டாக இருக்கும் வீட்டில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. அங்கே வாரம் இரண்டு முறை வெளியே சாப்பிடுவதை ஒரு முறையாக்கினால் இதைவிட அதிகம் மிஞ்சும். ஒரு மாதம், கொட்டும் ஒவ்வொன்றையும் என்ன விலைக்கு வாங்கினோம் என்று ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய தாளில் எழுதிப் பாருங்கள், உங்கள் வீட்டுத் தொகை தெரிந்துவிடும். 2023இல் நாடு முழுக்க 7,55,000 டன் உணவுக் கழிவு சேர்ந்தது, மறுசுழற்சிக்குப் போனது ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை, மீதி எரிக்கப்பட்டுச் சாம்பல் செமாக்காவ் தீவில் இருக்கும் குப்பை நிரப்பிடத்துக்குப் போகிறது என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் நீங்கள் கேட்டது உங்கள் பணப்பையைப் பற்றி, அதற்கு அந்தத் தாள் போதும்.

கஞ்சத்தனமா என்ற கேள்விக்கு: தீபாவளிக்கு நாங்கள் அளப்பதில்லை. அண்டா கீழே இறங்கும், பிரியாணி தாராளமாகவே இருக்கும். வருகிறவர்களிடம் கையோடு ஒரு டப்பாவும் கொண்டுவரச் சொல்லிவிடுவோம், அதில் எங்கள் வீட்டில் யாருக்கும் கூச்சமில்லை.