சொந்தமாக எழுதும் லினக்ஸ் டிஸ்ப்ளே டிரைவரில் டம் பஃபர் ஆதரவை எப்படிச் சேர்ப்பது?

நேரம் ஒதுக்கிச் செய்ய வேண்டிய வேலைதான், ஆனால் எழுத வேண்டிய நிரல்வரிகள் அதிகம் இல்லை. ஜிபியு எதுவும் வேண்டாம், சிபியு நேரடியாகப் பிக்சல் எழுத ஒரு நினைவகத் துண்டு, அதைத் திரை காட்ட வேண்டும். டம் பஃபர் என்பது அவ்வளவுதான். 2011-இல் லினக்ஸ் 2.6.39-இல் வந்தது. அதற்கு முன் இப்படி ஒரு பஃபர் ஒதுக்கவே ஒவ்வொரு சிப்பின் டிரைவருக்கும் ஏற்ற தனி நிரல்வரிகள் தேவைப்பட்டன.

பயனர் நிரல் அகலம், உயரம், ஒரு பிக்சலுக்கு எத்தனை பிட் என்ற மூன்றைத் தரும். டிரைவர் ஹேண்டில் (பஃபரைக் குறிக்கும் எண்), பிட்ச் (ஒரு வரியின் பைட் நீளம்), மொத்த அளவு மூன்றையும் திருப்பித் தரும். அடுத்து பயனர் நிரல் ஓர் ஆஃப்செட் வாங்கி எம்மேப் செய்துகொள்ளும், அதாவது அந்தப் பஃபரைத் தன் முகவரி வெளியில் இணைத்துக்கொள்ளும். பெரும்பாலான வேலையைக் கெர்னலில் உள்ள உதவி ஃபங்ஷன்களே பார்த்துக்கொள்ளும். உங்கள் ஹார்ட்வேர் தொடர்ச்சியான நினைவகம் கேட்டால் அவற்றில் டிஎம்ஏ வகை (DMA) ஃபங்ஷன்கள். யுஎஸ்பி, எஸ்பிஐ வழியாகப் படத்தை அனுப்பும் சாதனம் என்றால் சாதாரண நினைவகப் பக்கங்களைப் பயன்படுத்தும் எஸ்ஹெச்மெம் வகை (SHMEM) போதும்.

கவனமெல்லாம் பிட்சில் வையுங்கள். ஒரு வரி தொடங்கும் இடத்திலிருந்து அடுத்த வரி தொடங்கும் இடம் வரை எத்தனை பைட் என்பதே பிட்ச். ஒரு பிக்சலுக்கு 4 பைட் என்பதால் அகலத்தை 4-ஆல் பெருக்கினால் வந்துவிடும் என்று நானும் நினைத்தேன். 1920 அகலத் திரையில் 7680 பைட், எல்லாம் சரியாக ஓடியது. அதே டிரைவரை 1366 அகலத் திரையில் போட்டதும் படம் முழுக்கச் சாய்ந்துவிட்டது. செங்குத்துக் கோடுகள் எல்லாம் கீழே வர வர இடப்பக்கம் நகர்ந்தன.

இரண்டு நாள் டைமிங் ரெஜிஸ்டர்களை (திரையின் நேர அமைப்புகளை வைத்திருக்கும் இடங்களை) துழாவினேன். பிறகுதான் ஒரு வரிக்கு எவ்வளவு நகர்கிறது என்று எண்ணிப் பார்த்தேன்: சரியாக 10 பிக்சல். விடை அதிலேயே இருந்தது. 1366 × 4 = 5464. அந்த ஹார்ட்வேர் வரியை 64 பைட்டின் மடங்காகத்தான் படிக்கும், அதாவது 5504. வித்தியாசம் 40 பைட். 7680 ஏற்கெனவே 64-ஆல் வகுபடுவதால் முதல் திரையில் பிழை வெளியே தெரியவில்லை. பிட்சை 64-இன் அடுத்த மடங்குக்கு உயர்த்தி, மொத்த அளவையும் அந்தப் பிட்சை வைத்தே கணக்கிட்டதும் படம் நிமிர்ந்துவிட்டது.

இன்னொன்று, நினைவகத்தைப் பூஜ்ஜியமாக்காமல் பயனரிடம் கொடுக்கவே கூடாது. வீடியோ நினைவகத்திலிருந்து நீங்களே ஒதுக்கினால், முன்பு வேறொருவர் திரையில் இருந்தது அப்படியே அடுத்தவர் கைக்குப் போகும். அழகுக் குறை இல்லை இது, பாதுகாப்பு ஓட்டை.

ஹேண்டில் உருவாக்கிய பிறகு டிரைவர் தன்னிடம் வைத்திருக்கும் ரெஃபரன்ஸை (பஃபர் இன்னும் தேவை என்ற கணக்கை) விட்டுவிடவும் மறக்காதீர்கள். மறந்தால் பஃபரை அழித்த பிறகும் நினைவகம் திரும்பாது.

திரையில் 16 பிக்சல் நீளத்தில் பழைய படத்தின் துணுக்குகள் ஒட்டிக்கொண்டிருந்தால் பிட்சைச் சந்தேகிக்க வேண்டாம். எழுதியவை நினைவகத்துக்குப் போகாமல் சிபியு கேஷிலேயே நிற்கின்றன. மேப்பிங்கை ரைட்-கம்பைன் ஆக்குங்கள், அதாவது எழுதுபவை கேஷில் தங்காமல் சேர்த்து நினைவகத்துக்குப் போகும்படி செய்யுங்கள். அப்படி ஆக்கினால் பஃபரிலிருந்து திரும்பப் படிப்பது மிக மெதுவாகும், எழுத மட்டும் பயன்படுத்துங்கள்.

முடித்ததும் டிஸ்ப்ளே டிரைவரைச் சோதிக்கும் மோட்டெஸ்ட் (modetest) கருவியை ஓடவிடுங்கள். அது டம் பஃபரில்தான் வண்ணப் பட்டைகளை வரையும். 1920-இல் மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாமல் 1366-இலும் பாருங்கள், பட்டைகள் அங்கேயும் நேராக நிற்க வேண்டும்.